வீடு வந்து சேர்ந்த கேசட்டுகள்

காய்ந்த மாதுளைத் தோலின் நிறத்தில் ஓர் அட்டை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன்மேல் கறுப்பு மையில் வரிசை வரிசையாக எழுத்துகள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பி, சற்றுச் சாய்த்துப் பிடித்தால், குளத்தடியில் கிடக்கும் காசு போல எழுத்துகள் மெல்லக் கண்ணுக்கு வரும். வேண்டுமென்றேதான் அப்படி அச்சிட்டிருந்தார்கள். ஜெராக்ஸ் எடுத்தால் தாள் முழுக்கக் கறுப்பாகிவிடும். கம்ப்யூட்டர் கேம் கேசட்டை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். அட்டையை எடுக்க முடியாது. கேம் தொடங்கும் முன்னால் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்த வரியில் இத்தனையாவது எழுத்து எது? அட்டை வைத்திருப்பவன் பார்த்துச் சொல்லி உள்ளே போவான். இல்லாதவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

எண்பதுகளின் நடுவில், பம்பாயில், அந்தக் கேசட்டுகளை விற்கும் வேலையில் நான் இருந்தேன். டி.வி.யில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர்கள் அப்போது சில வீடுகளுக்கு வந்திருந்தன. துபாயிலிருந்து திரும்பியவர்கள் கொண்டு வருவார்கள். வசதியுள்ள வியாபாரிகள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். பாட்டுக் கேசட் போலவே இருக்கும் ஒரு கேசட்டை, கம்ப்யூட்டரோடு இணைத்த டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால், பூச்சிகள் கத்துவது போல நெடுநேரம் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் முடியும்போது திரையில் ஒரு விளையாட்டு பிறந்திருக்கும். செம்பூர் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. முன் அறையில் முதலாளியும் போனும், நடு அறையில் கேசட்டுகளை நகலெடுக்கும் மெஷின்கள், பின் அறையில் மேடம். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாட்டுங்கா, காட்கோபர் என்று கடை கடையாக ஏறி இறங்குவேன். தங்கியிருந்தது தாராவியில், லாத்தா வீட்டில். என் உடன்பிறந்த அக்காவை நாங்கள் லாத்தா என்றுதான் சொல்வோம். கடையநல்லூரிலிருந்து வந்த எனக்கு பம்பாயில் அவளும் மச்சானும்தான் எல்லாம்.

கம்பெனி விற்ற கேம்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கின் சாயல்கள். பறக்கும் தட்டைச் சுடுவது, பூதத்திடமிருந்து ஓடுவது. எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கேம் இருந்தது. அதைச் செய்தவர் மேடம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் பாலக்காடு. கணக்கில் பட்டம் வாங்கி, ஒரு மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் கற்று, அந்த மில் மூடியதும் எங்களிடம் வந்தவர். அதிகம் பேசமாட்டார். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருப்பார். தூரத்தில் நின்று பார்த்தால் அந்தக் கட்டங்கள் சேர்ந்து குடை பிடித்த ஒரு பெண்ணாகத் தெரியும். கிட்டே போனால் வெறும் கட்டங்கள். ஒருநாள் நான் அப்படி முன்னும் பின்னும் நகர்ந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அங்கேயே நில்லுங்கோ. அவ அங்கேருந்துதான் தெரிவா" என்றார்.

கேமின் பெயர் 'வீடு'. மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து அந்தப் பெண் வெளியே வருவாள். திரை முழுக்க நீலக் கோடுகளாக மழை. அவளை வீடு கொண்டு சேர்ப்பதுதான் விளையாட்டு. சுடுவதற்கு எதுவும் கிடையாது. தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். பூக்கடைகளிலிருந்து சாமந்திப் பூக்கள் மிதந்து வரும். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஒன்று பாதி மூழ்கி நிற்கும். அதன் ஜன்னல்களில் மட்டும் விளக்கெரியும். சாக்கடை மூடி திறந்த இடத்தில் யாரோ ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். எல்லாத் திறப்புகளிலும் கம்பு இருக்காது. செருப்பு போகும், குடை போகும், பாதை சுற்றும், வந்த தெருவே மறுபடி வரும். கடைசியில், கொஞ்சமும் எதிர்பாராத ஒரு திருப்பத்தில், மாடிப்படி தெரியும். ஏறினால் ஒரு கதவு திறக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் கையில் துண்டோடு ஒருவர் நிற்பார். மழைச் சத்தம் நின்றுபோகும். அவ்வளவுதான். மதிப்பெண் கிடையாது, சபாஷ் கிடையாது.

இது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். மேடம் சிறுமியாக இருந்தபோது ஒரு பெருமழையில் ரயில்கள் நின்றுவிட்டன. தெற்கு பம்பாயில், கோட்டை என்று சொல்லும் ஆபீஸ் பகுதியில் வேலை பார்த்த அவருடைய அப்பா அன்று ராத்திரி வரவில்லை. மறுநாள் பகலிலும் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது என்றார். சாயங்காலம், எங்கிருந்தோ கிடைத்த ஒரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேன்ட்டும் ஷூவும் ஒரு மூட்டையாகத் தலையில் இருக்க, தண்டவாளத்தின் வழியே நடந்தே வந்து சேர்ந்தாராம். "எங்கே இருந்தேள், எப்படி வந்தேள்னு எல்லாரும் கேட்டா. அவர் ஒண்ணும் சொல்லலை. தலையைத் துவட்டிண்டார், தூங்கிட்டார். நடுவிலே என்ன நடந்திருக்கும்னு நானா யோசிச்சு யோசிச்சுப் பண்ணினது இது."

கடைகளில் இந்தக் கேமை ஓட்டிக் காட்டும்போது ஒன்று நடக்கும். மற்ற கேம்களுக்குக் கூச்சலிடும் கூட்டம் இதற்கு மெல்ல அடங்கிவிடும். காட்கோபரில் ஒரு கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். வெளியே கடும் வெயில். உள்ளே எல்லார் முகத்திலும் நீல வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் 'வீடு' நன்றாகவே விற்றது. பிறகு, மழைக்காலம் முடிந்து ஒரு தீபாவளியும் போனபின், நின்றது. கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். பழைய கேசட் பாதி விலைக்குக் கிடைக்கிறபோது புதிதை யார் வாங்குவார்கள் என்றார்கள். பழைய கேசட் எங்கே கிடைக்கிறது? தாராவியில். தாராவியில் எங்கே? தொண்ணூறடி ரோட்டில், ஒரு பாய் கடையில்.

அந்தக் கடை என் மச்சானுடையது.

இதில் மறைக்க ஒன்றுமில்லை, முதலாளிக்கும் தெரியும். டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பதில் தொடங்கி, பழைய பாட்டுக் கேசட் வாங்கி விற்று, பிறகு கேம் கேசட்டுகளுக்கு வந்திருந்தார் மச்சான். அட்டையும் சேர்ந்து வந்தால்தான் வாங்குவார். ஓட்டிப் பார்த்துத்தான் விற்பார். முதலாளி என்னை முன் அறைக்குக் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை. நான்கைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கவலை அவர் முகத்தில் எப்போதும் இருக்கும். "ஏக் பிக்தா ஹை, தஸ் கேல்தே ஹைன்" என்றார். ஒன்று விற்கிறது, பத்து பேர் விளையாடுகிறார்கள். மீதி ஒன்பது பேரின் பணம் யாருக்குப் போகிறது? எனக்கும் வரவில்லை, அதைச் செய்த மேடத்துக்கும் வரவில்லை. உன் மச்சானிடம் பேசு. இல்லாவிட்டால் இந்த கேம் வியாபாரத்தையே மூட வேண்டியிருக்கும்.

அன்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். மச்சான் மீனில் முள் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"வித்த பொருளுக்கு மறுபடியும் சொந்தம் கொண்டாடுதாரா உங்க முதலாளி? தையல் மெஷின் வாங்குதேன். ரெண்டு வருஷம் ஓட்டிட்டு பக்கத்து வீட்டுக்கு விக்கேன். மெஷின் கம்பெனிக்காரன் வந்து பங்கு கேப்பானா மாப்ளே?"

 சட்டியைக் கொண்டுவந்து வைத்த லாத்தா பதில் சொன்னாள். "மெஷினு தேயும். பழசை வாங்குனவன் நாளைக்குப் புதுசு தேடி வருவான். அந்தக் கேசட்டுல உள்ள வீடு தேயுமா? பத்தாவது ஆளு பாத்தாலும் புதுசா மழை பெய்யுதுல்லா?"

மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "அது நெசந்தான்" என்றார். "ஆனா வாங்குனவன் பொருள வாங்குனவன் விக்கக்கூடாதுன்னு நான் எப்பிடிச் சொல்ல முடியும்?"

இதை மறுநாள் மேடத்திடம் அப்படியே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். விற்கிற ஒவ்வொரு கேசட்டுக்கும் அவருக்கு ஒரு தொகை உண்டு. அந்தப் பணத்தில்தான் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி இரண்டாவது கேமைத் தொடங்கியிருந்தார். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கடையை நான் பார்க்கணுமே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவிலிருந்து நடந்தே வந்தார். இவ்வளவு கிட்டேயா என்று ஆச்சரியப்பட்டார். பிறந்ததிலிருந்து மாட்டுங்காவில் இருந்தும் தாராவிக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். தோல் பைகளைத் தலைச்சுமையாகக் கொண்டு போகிறவர்கள் சந்துக்குள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கிப் போவதை நின்று நின்று பார்த்தார். ஒரு சந்து முடிகிற இடத்தில் இன்னொன்று தொடங்கியது. ஒரு தகரக் கதவுக்கு அப்பால் வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. தூக்கத்தில் நடக்கிறவர் போல வந்தார். தெரிந்த மேடம் என்று மட்டும் மச்சானிடம் சொன்னேன். என்ன வேலை என்று சொல்ல வேண்டாமென்று அவர்தான் கேட்டுக்கொண்டார்.

கடையில் ஒரு மூலையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் வாங்குவதற்கு முன் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நீல மழை. மேடம் அதையே பார்த்தபடி, "இது நிறைய வருமா, பாய்?" என்று கேட்டார்.

"இதுதான் அதிகமா வரும், தங்கச்சி" என்றார் மச்சான். "சுடுற கேம வாங்குனவன் வருசக்கணக்கா வச்சிருப்பான். அதுக்கு முடிவே கிடையாதுல்லா. இதுல வீடு வந்துருதே. வந்து சேந்துட்டா அப்புறம் என்ன சோலி இருக்கு? ரெண்டு வாரத்துல கொண்டாந்து குடுத்துருவான்."

மேடத்தின் முகம் சற்று வாடியது. மச்சான் அதைப் பார்க்கவில்லை. கேசட்டைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. மத்த கேம குடுக்க வாரவன் அலுத்துப்போயிக் குடுப்பான். இதைக் குடுக்க வாரவன் சிரிச்சுக்கிட்டே வருவான். போன வாரம் ஒருத்தர் வந்தாரு. வயசானவரு. குடுத்துட்டுப் போக மனசில்லாம நின்னாரு. என்ன சார்னு கேட்டேன். கதவத் தொறந்தது யாருன்னு நினைக்கீங்கன்னு எங்கிட்டக் கேட்டாரு. அவரு மக ஜாடையா இருந்துச்சாம்."

 திரும்பும்போது சந்துகளுக்கு நடுவே மேடம் திடீரென்று நின்று, "அந்த ஆளுக்கு நான் முகமே வரையலை" என்றார். "அங்கே நாலு கட்டம்தான் இருக்கு."

மச்சான் மேடத்திடம் சொன்னதை முதலாளியிடம் நான் சொன்னேன். விஷயம் அவருக்கு உடனே பிடிபட்டது. முடிவு இருப்பதால்தானே வாங்கினவர்கள் கேசட்டை விற்றுவிடுகிறார்கள்? முடிவை எடுத்துவிட்டால் போயிற்று. வீடு வர வேண்டாம். பெண் நடந்துகொண்டே இருக்கட்டும். எவ்வளவு தூரம் நடந்தாள் என்பதற்கு மதிப்பெண் போடலாம். யாரும் கேசட்டைக் கைவிடமாட்டார்கள். வியாபாரமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறே இல்லை. மேடத்துக்கு அது புரோகிராம் வரிகளில் சின்ன மாற்றம்தான். ஒரு மத்தியான வேலை. அவர் செய்துகூடப் பார்த்தார். பின் அறையில் அந்தத் திரையை நானும் பார்த்தேன். பூக்கடை, சர்க்கிள், பஸ், மறுபடி பூக்கடை. மழை நிற்கவே இல்லை. அவள் குடையோடு போய்க்கொண்டே இருந்தாள்.  மேடம் கையை நீட்டி மெஷினை அணைத்தார்.

முன் அறைக்குப் போய் முதலாளியிடம் ஹிந்தியில் மெதுவாகத்தான் சொன்னார். போய்ச் சேர முடியாத வீட்டுக்கு ஒருத்தரை நடக்க வைக்க என்னால் முடியாது, மன்னிக்க வேண்டும். முதலாளி வாதாடவில்லை. என்னாலும் இதை நடத்த முடியாது பெஹன்ஜி என்றார். மழைக்காலம் வருவதற்குள் கேம் வியாபாரம் மூடப்பட்டது. மேடத்துக்கு ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. நான் மச்சானின் கடைக்குப் போனேன்.

விற்காமல் தங்கிய 'வீடு' கேசட்டுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒருநாள் ஒரு டாக்ஸி நிறைய அவற்றை ஏற்றிக்கொண்டு முதலாளியே தொண்ணூறடி ரோட்டுக்கு வந்துவிட்டார். வேறு யார் வாங்குவார்கள்? மச்சான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சாயா வாங்கிக் கொடுத்து, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். முதலாளி போகும்போது அலமாரியில் அடுக்கியிருந்த பழைய கேசட்டுகளை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே நடந்து, ஒன்றை எடுத்து, அட்டை இருக்கிறதா என்று திறந்து பார்த்து, திரும்ப வைத்தார்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து மேடம் மறுபடி வந்தார். கையில் ஒரு கேசட். இரண்டாவது கேம் முடிந்திருந்தது. அதன் பெயர் 'சந்து'. தலையில் தோல் பை மூட்டையோடு ஓர் ஆள் வளைந்து வளைந்து போகும் சந்துகளைக் கடந்து லாரிக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று அவர் நின்று நின்று பார்த்ததெல்லாம் அதில் இருந்தது. தகரக் கதவுக்கு அப்பால் விழுந்த வெயில்கூட இருந்தது. "இதை வெளியிட கம்பெனி இல்லை. நீங்க போடுவேளா, பாய்?" என்று கேட்டார்.

'வீடு' செய்தவர் அவர்தான் என்று மச்சானுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "முன்னாலேயே சொல்லிருக்கக் கூடாதா தங்கச்சி? உங்க முன்னாலேயே என்னவெல்லாமோ பேசிட்டேனே" என்றார்.

"அதுக்குத்தான் சொல்லலை" என்றார் மேடம்.

பழையது விற்கிற என் மச்சான் புதியது போடுகிறவர் ஆனது இப்படித்தான். பாட்டுக் கேசட் நகலெடுக்கும் ஒருவரிடம் கேசட்டுகள் தயாராயின. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தமிழ் அச்சகத்தில் சிவப்பு அட்டைகள். முதல் அட்டைகளில் அச்சகக்காரர் வழக்கம்போல ஓரத்தில் பூங்கொடி போட்டுவிட்டார். மேடம் அதைப் பார்த்துச் சிரித்து, இருக்கட்டும் என்றார். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எனக்குப் பழக்கமான கடைகளில் ஏறி இறங்கினேன். விற்பனை பிரமாதமாக இல்லை, ஆனால் போயிற்று. கடைக்கு நுழையும்போதே கண்ணில் படும்படி மச்சான் 'சந்து'வைத் தனி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் பக்கத்துப் பேட்டையான சுனாபட்டியிலிருந்து ஒருவர் வந்தார். பேங்க் கிளார்க் மாதிரி இருந்தார். பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். 'சந்து'. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டேன் பாய், நேற்று மூட்டையை லாரியில் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன் என்றார்.

மச்சான் அந்தக் கேசட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அட்டையைத் திறந்து பார்த்தார், மூடினார். அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. வாங்கினால் அவரே போட்ட புதுக் கேசட் ஒன்று விற்காமல் போகும். வாங்காமல் திருப்பி அனுப்பினால் யாரும் கேட்கப் போவதில்லை.  வெளியே ஒரு கைவண்டி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர் வழக்கம்போலக் கேசட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்து, வழக்கமான விலையைக் கொடுத்து வாங்கி, புதிய வரிசைக்குப் பக்கத்திலேயே வைத்தார். சாயங்காலம் வந்த வாடிக்கையாளர் இரண்டையும் பார்த்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போனார்.

"உங்க முதலாளிக்கு எங்க வலிச்சுதுன்னு இப்பத்தான் தெரியுது மாப்ளே" என்றார் மச்சான்.

"அப்போ வாங்காம விட்டிருக்கலாமே?"

"அது எப்பிடி? அவரு காசு குடுத்து வாங்குனது. அவரு பொருளு" என்றார். 

அந்த வியாபாரம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஒரே பெட்டியில் நூறு கேம் அடைத்த வெளிநாட்டுச் சரக்கு வந்தது. டேப் ரெக்கார்டரில் பூச்சிச் சத்தம் கேட்டுக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. மச்சான் கடையைத் தோல் பைகளுக்கு மாற்றினார். சில வருடங்களுக்கு முன் கடையநல்லூரில் காலமானார். இப்போது என் மகன் கேம் வாங்குவதைப் பார்க்கிறேன். காசு போனில் போகிறது, கேம் போனில் வருகிறது. கையில் பிடிக்க ஒன்றுமில்லை. அலுத்தபின் யாரிடமும் விற்க முடியாது, இன்னொருவருக்குச் சும்மாகூடக் கொடுக்க முடியாது. கம்பெனிகள் ஜெயித்துவிட்டன. முதலாளி இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் மனைவியோடு மேடத்தைப் பார்க்கப் போனேன். பேங்கிலிருந்து ஓய்வு பெற்று செம்பூரில் இருக்கிறார். தனியாகத்தான் இருக்கிறார். மச்சான் போன செய்தியைச் சொன்னேன். மேடம் சொன்னார்: "கம்பெனியிலே எத்தனை வித்ததுன்னு சொல்லுவா. அதை வச்சிண்டு என்ன தெரியும்? வாங்கினவா விளையாடினாளா, பாதியிலே விட்டாளா, ஒண்ணும் தெரியாது. எத்தனை பேர் வீடு வந்து சேர்ந்தாங்கறது உங்க மச்சான் கடையிலதான் தெரிஞ்சுது."

ஒரு கேசட்டாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். இருந்தாலும் ஓட்ட மெஷின் ஏது? இதையெல்லாம் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அதை எப்பிடித்தான் வெளையாடுவாங்க மேடம்?" என்றாள்.

மேடம் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டேஷன்லேருந்து வெளிலே வந்திருக்கேள். முழங்கால் தண்ணி. இடது பக்கம் பூக்கடை, வலது பக்கம் ரோடு. எப்படிப் போறேள்?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். 

"பூக்கடை பக்கமா போறேன்."

"செருப்பு ஒண்ணு போயிடுத்து."

"போகட்டும்."

"முன்னாலே கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டியிருக்கு."

அவள் யோசித்தாள். "சுத்திப் போறேன்" என்றாள்.

சாயா ஆறிக்கொண்டிருந்தது. மேடத்தின் குரலில் அவசரமே இல்லை. பஸ்ஸின் ஜன்னல் விளக்குகள் வந்தன. குடை போயிற்று. வந்த தெருவே ஒருமுறை திரும்ப வந்தது. என் மனைவி நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே செம்பூர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"மாடிப்படி. ஏறியாச்சு. எதிரே கதவு."

"தட்டவா?" என்றாள் என் மனைவி, தாழ்ந்த குரலில்.

"தட்ட வேண்டாம். திறந்துதான் இருக்கு."

 என் மனைவி, நனைந்து வந்தவள் போல, முந்தானையை எடுத்து முகத்தையும் கழுத்தையும் மெல்லத் துடைத்துக்கொண்டாள்.